உண்டியலும் பஸ் வண்டியும்

காஞ்சிரங்குளம் சந்தியில் மாலை வேளையில் அரை மணி நேரம் நின்று உலகத்தைப் பார்க்கும் பேறு நமக்கு நாள்தோறும் வாய்க்கிறது. பேறு என்று சொல்வதற்கு நம்முடைய ஞானம் காரணமன்று. பஸ் வண்டி வருவதில் உள்ள தாமதமே காரணம். அவ்வாறு நின்ற ஒரு மாலையில், போவோர் வருவோர் ஏறிச் சென்ற இருசக்கர வண்டிகளை எண்ணத் தொடங்கினோம். இருநூறு தாண்டியதும் எண்ணிக்கையைக் கைவிட்டோம். அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒருவர் மட்டுமே அமர்ந்திருந்தார். கார்களிலும் அப்படியே; நால்வர் அமரக்கூடிய வண்டியில் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் ஒரு தோல்பை.

பிறரை எண்ணிக் குறை காண்பது எளிது. வீட்டுக்கு வந்து நம் முற்றத்தை எண்ணிய பொழுது நமக்கே நாணமாயிற்று. அறுபது ஆண்டுகட்கு முன் நம் இல்லத்தில் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். இன்று மகனுக்கு ஒரு கார், மருமகளுக்கு ஒரு ஸ்கூட்டர், எவரும் தொடாமல் துருப்பிடிக்கும் பழைய மொபெட் ஒன்று. இவை போதாவென்று, கழக்கூட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பேரன் மோட்டார் சைக்கிள் வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கோரிக்கையிலிருந்து தொடங்கிய கதையையே இங்கு எழுத முற்பட்டோம். நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் இந்தக் கோரிக்கை எழாத குடும்பம் இராது என்பது நம் எண்ணம்.

முதலில் பழைய கதை ஒன்று.

நம் தந்தையார் வள்ளியூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, பிழைப்பைத் தேடித் திருவிதாங்கூர் சீமைக்கு வந்தவர். பாலராமபுரத்தில் நெசவாளரிடம் வேட்டியும் நேரியதும் வாங்கி, மூட்டையாகக் கட்டி, நெய்யாற்றின்கரை, பாறசாலை, காஞ்சிரங்குளம் எனத் தெருத் தெருவாக விற்று வந்தார். அக்காலத்தில் இப்பக்கம் ரயில் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை ரயில் வந்தது 1979-ஆம் ஆண்டில்தான். கால்நடை, மாட்டு வண்டி, தனியார் மோட்டார் ஆகிய இவைதாம் அவருக்குக் கதி.

1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசின் மோட்டார்ப் போக்குவரத்து இலாகாவை மகாராஜா சித்திரைத் திருநாள் தொடங்கி வைத்தார். மறுநாளே திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே பஸ்கள் ஓடத் தொடங்கின. இந்த ஏற்பாட்டை நடத்துவதற்கென்றே லண்டன் பிரயாணிகள் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்டர் என்ற ஆங்கிலேயர் வரவழைக்கப்பட்டிருந்தார். பரிசோதகர்களாகவும் கண்டக்டர்களாகவும் பட்டதாரிகள் சுமார் நூறு பேர் நியமிக்கப்பட்டனர் என்பதும், வண்டியில் 23 தோல் இருக்கைகள் இருந்தன என்பதும் அக்காலத்தில் வியப்போடு பேசப்பட்ட செய்திகள்.

கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். குறைந்த கட்டணம் ஒரு சக்கரம். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமே இல்லை. 14 வயது வரை பாதிக் கட்டணம். 28 ராத்தலுக்குட்பட்ட மூட்டைக்குச் சுமைக்கூலி கிடையாது; அதற்கு மேல் 56 ராத்தல் வரை 4 சக்கரம்.

இந்தக் கடைசி விதியை நம் தந்தையார் சாகும் வரை மறக்கவில்லை. வீட்டில் ஒரு தராசு வைத்திருந்தார். அதிகாலையில் மூட்டையைத் தூக்கி நிறுத்துப் பார்ப்பார். 30 ராத்தல் இருந்தால் இரண்டு வேட்டியை உருவி வைத்துவிட்டு 28-க்குள் கொண்டுவருவார். “முன்னெல்லாம் சுமக்க முடிந்த மட்டும் சுமந்து நடந்தேன். சர்க்கார் 28 ராத்தல் என்று சொன்ன நாளிலிருந்து என் முதுகு நிமிர்ந்தது” என்பார். நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு சிறு வியாபாரியைப் பஸ்ஸில் ஏற்றியது சட்டமன்று, தண்டனையன்று, பிரசங்கமுமன்று. சுமைக்கூலி இல்லை என்ற சிறியதொரு சலுகைதான். பேரனின் மோட்டார் சைக்கிள் விவகாரத்தில் சிக்கித் தவித்த நாட்களில்தான் தந்தையாரின் தராசு நம் நினைவுக்கு வந்தது.

விவகாரம் இவ்வாறு நடந்தது. பேரன் கேட்டான், மகன் மறுத்தான். பேரன் தன் சம்பளத்திலேயே தவணை கட்டுவதாகச் சொன்னான். சம்பாதிக்கும் பிள்ளையிடம் ‘கூடாது’ என்னும் சொல்லுக்கு எத்தனை நாள் ஆயுள்? நாமும் நம் பங்குக்கு உபதேசம் செய்தோம். புகை, பெட்ரோல் விலை, பூமி சூடேறுவது, வருங்காலச் சந்ததி என்று ஒன்றையும் விடவில்லை. அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிவில், “பாட்டா, நீங்கள் சொல்வது எல்லாம் சரி. காலை 6 மணிக்குப் புறப்பட்டு இரண்டு பஸ் மாறி 9 மணிக்குப் போய்ச் சேர்வது யார், நீங்களா, நானா?” என்றான். நமக்கு விடை இல்லை.

அந்த வாரத்திலேதான் அவனுடன் படித்த ஓர் இளைஞன், இரவு வேளையில் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். பிழைத்தான், ஆயினும் அவன் இடது கால் பழைய கால் ஆகவில்லை. அவனைப் பார்த்துவிட்டு வந்த இரவில் நம் வீட்டில் எவரும் உண்ணவில்லை. பேரன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து மீண்டும் கேட்டான். இளமையின் இயல்பு அது. அப்பொழுது நமக்குப் புலப்பட்டது ஒன்று. இது உலகத்தின் காற்றைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. நம் வாசலில் இரவு 9 மணிக்குக் கேட்கவேண்டிய காலடி ஓசையைப் பற்றிய வழக்குமாகும்.

அந்நாட்களில் பெங்களூரில் வாழும் நம் உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் சொன்ன செய்தி ஒன்று நம் சிந்தையைக் கவர்ந்தது. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் வரை, பெங்களூர் இன்போசிஸ் கம்பெனியில் ஒரு பரிசோதனை நடைபெற்றதாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பாலாஜி பிரபாகரும் அவர் குழுவினரும் அதை வகுத்தனர். அங்கே சுமார் 14,000 ஊழியர்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சாலையில் இறங்கி, ஒருவருக்கொருவர் இடைஞ்சலாய், வியர்த்து வாடி வந்து சேர்ந்துகொண்டிருந்தனர். ‘தாமதமாக வந்தால் அபராதம்’ என்று எவரும் அறிவிக்கவில்லை. ‘காலை 8.30-க்கு முன்னரே வந்து சேர்வோர்க்கு மதிப்பெண் உண்டு. மதிப்பெண் பெற்றோர் பெயர் வாரந்தோறும் நடக்கும் பரிசுக் குலுக்கலில் சேர்க்கப்படும்’ என்று மட்டும் சொன்னார்கள். முன்னதாக வருவோர் தொகை இரட்டித்தது. பஸ்ஸில் வந்தோர்க்குச் சராசரியாக 71 நிமிடம் பிடித்த காலைப் பிரயாணம் 54 நிமிடமாகக் குறைந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பரிசுப் பணம் முழுவதையும் ஊழியர் அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டிருந்தால், ஆளுக்குச் சில ரூபாயே கிடைத்திருக்கும். சில ரூபாய்க்காக விடியலில் படுக்கையை விட்டு எழுபவர் யார்? அதே பணம் குலுக்கலில் சிலர் கைக்குப் பெருந்தொகையாகப் போனால், எல்லார் உள்ளத்திலும் ஓர் ஆவல் பிறக்கிறது. மனித இயல்பை அறிந்து செய்த ஏற்பாடு இது.

சிங்கப்பூரில் வாழும் நம் தமிழ் மக்களுக்கு இந்த வகைச் சலுகை பழக்கமானதே. அந்நாடு முதலில் எடுத்தது மென்மையான வழி அன்று. 1975-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காலை வேளையில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமென்று விதித்தார்கள். அந்தக் கண்டிப்பினுள்ளும் ஒரு கனிவு இருந்தது. நால்வர் ஏறி வரும் காருக்குச் சீட்டு வேண்டியதில்லை. பின்னாளில் 2012-ஆம் ஆண்டு அதே பேராசிரியரின் குலுக்கல் முறை ரயில் பிரயாணிகளுக்கும் வந்தது. 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல், காலை 7.45-க்கு முன் நகர மையத்து ரயில் நிலையங்களில் இறங்குவோர்க்குக் கட்டணமே இல்லை என்றார்கள். அதனால் நெரிசல் வேளையைத் தவிர்த்து முன்கூட்டியே புறப்பட்டவர் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பேர். 7 என்பது சிறிய எண் போலத் தோன்றலாம். நிரம்பி வழியும் வண்டியில் நின்று பழகியவர்க்கு, நூறு பேரில் ஏழு பேர் குறைந்தால் மூச்சு விட இடம் கிடைக்கும் என்பது தெரியும். 2017-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அந்த இலவசத்தை நிறுத்தி, அதற்குப் பதிலாக நாடெங்கும் உள்ள நிலையங்களில் 7.45-க்கு முன் ஏறுவோர்க்கு 50 காசு வரை தள்ளுபடி கொடுக்கலானார்கள்.

இவற்றைக் கேட்டதும் நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. குலுக்கல் என்பது சூதின் தங்கை அல்லவா? கேரள அரசு 1967-ஆம் ஆண்டிலேயே லாட்டரி இலாகாவைத் தொடங்கியது. நம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர் முன் லாட்டரிச் சீட்டு நீட்டப்படாத நாளில்லை. நாம் ஒரு நாளும் சீட்டு வாங்கியதில்லை. ஆனால் சிந்தித்துப் பார்க்கையில் வேற்றுமை விளங்கிற்று. லாட்டரியில் கைப்பணத்தைப் போட்டு இழக்கிறோம். இங்கே எவரும் எதையும் போடுவதில்லை. நல்ல காரியம் ஒன்றைச் செய்தவர் பெயர் மட்டும் போடப்படுகிறது. தோற்றவருக்கும் நட்டமில்லை. ஐயம் நீங்கியதும் நம் வீட்டிலேயே அதை நடத்திப் பார்ப்பது என்று துணிந்தோம்.

மரக்கடையில் ஓர் உண்டியல் வாங்கினோம். விதி இதுதான்: வேலை நாள் ஐந்திலும், பஸ்ஸிலோ ரயிலிலோ வெளியே சென்று வந்தவர் தம் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைப் போடலாம். சீட்டு ஒன்றுக்கு நம் ஓய்வூதியத்திலிருந்து 20 ரூபாய் உண்டியலில் விழும். சனிக்கிழமை இரவில் பேத்தி ஒரு சீட்டை எடுப்பாள். வந்த பெயருக்கே முழுத் தொகையும். மகன், மருமகள், பேரன், நாம் ஆக நால்வர். அனைவரும் ஐந்து நாளும் பஸ்ஸில் சென்றால் 20 சீட்டு, 400 ரூபாய். பேத்தி பள்ளிக்கு நடந்து செல்பவளாதலால் அவளே நடுநிலையான தேர்தல் அதிகாரி. நம் இல்லாள், “எனக்குச் சீட்டு இல்லையா? வீட்டை விட்டு வெளியே போகாதவள்தானே எல்லாரையும் விடக் குறைவாகப் புகை விடுகிறாள்?” என்று கேட்டாள். அவளுக்கு வாரம் ஒரு சீட்டு கௌரவமாக அளிக்கப்பட்டது.

முதல் வாரம் 11 சீட்டு. இரண்டாம் வாரம் 14. மூன்றாம் வாரம் 16. பேரன் முதல் வாரமே வென்றான். இரண்டாம் வாரம் மகன் வென்றான். காரை நிறுத்திவிட்டு வந்த அவனுக்கு 280 ரூபாய் பெரிதன்று, ஆயினும் பள்ளிப் பிள்ளையைப் போல மகிழ்ந்தான். மோட்டார் சைக்கிள் பேச்சு சற்றே அடங்கியது. நாம் உள்ளூரப் பெருமை கொண்டோம். பெங்களூரின் வெற்றியைக் காஞ்சிரங்குளத்தில் நிலைநாட்டிவிட்டதாகவே எண்ணினோம்.

நான்காம் வாரம் இடவப்பாதி மழை தொடங்கியது. சீட்டு ஏழுதான் விழுந்தது.

அந்த வாரம் ஒரு நாள், தலைநகரில் கணக்கராகப் பணிபுரியும் மருமகள் மாலை 6 மணிக்கு அலுவலகத்திலிருந்து புறப்பட்டு, ஒரு பஸ் வராமல், அடுத்த பஸ்ஸில் நின்றபடியே வந்து, இருட்டில் தனியே இறங்கி, தெருவிளக்கு எரியாத வழியில் குடையோடு நடந்து, இரவு 9 மணிக்கு வீட்டை அடைந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. நாம் துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினோம். அவள் அதை வாங்கவில்லை.

“மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் வந்ததற்கு 20 ரூபாய் போடுகிறீர்கள். பஸ் வராமல் நின்ற முக்கால் மணி நேரத்துக்கு எத்தனை ரூபாய்? சந்தியிலிருந்து வீடு வரை பயந்துகொண்டே நடந்ததற்கு எத்தனை ரூபாய்? ஸ்கூட்டரில் வந்தால் எனக்கு அந்தப் பயம் இல்லையே” என்றாள்.

அவள் எப்பொழுதும் நம்மிடம் உரத்துப் பேசியவள் அல்லள். அன்றும் உரத்துப் பேசவில்லை. நம் வாழ்நாளில் நாம் கேட்ட சிறந்த விமரிசனங்களில் அது ஒன்று. மறுநாள் முழுவதும் அதையே எண்ணிக்கொண்டிருந்தோம்.

வாழைக்கு உரமிடலாம், உரமிட்டால் தார் பெருக்கும். ஆனால் நீர் இல்லாத வாழைக்கு உரமிட்டால் வேர் கருகும். பிரயாணத்தில் சலுகை என்பது உரம். வேளைக்கு வரும் வண்டியும் அச்சமில்லாத வழியும் நீர். பெங்களூரில் கம்பெனிக்கு ஆள் ஏற்றிச் செல்லப் பஸ்கள் இருந்தன. ஊழியர் செய்யவேண்டியதெல்லாம் முந்திய பஸ்ஸில் ஏறுவதே. சிங்கப்பூரில் 7.45-க்கு முன்பும் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கெல்லாம் நீர் பாய்ந்த பிறகே உரமிட்டார்கள். நாம் உரத்தை மட்டும் அள்ளிக் கொட்டிவிட்டு, தார் எங்கே என்று காத்திருந்தோம். 1938-ஆம் ஆண்டில் நம் தந்தையாரை ஏற்றிச் சென்றது சுமைக்கூலி இல்லாமை மட்டுமன்று. வருமென்று சொன்ன நேரத்தில் வந்த வண்டியுமாகும்.

இந்த இடத்தில் எல்லைக்கு அப்பாலுள்ள நிலையையும் சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்ட பொழுது விளவங்கோடும் கல்குளமும் அகஸ்தீசுவரமும் தோவாளையும் சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று வகுத்த கோடு இன்று பஸ் சீட்டிலும் தெரிகிறது. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மார்த்தாண்டத்தில் வாழும் நம் தங்கை, களியக்காவிளை வரை காசின்றி வந்து, அங்கே இறங்கிச் சில அடி நடந்து, கேரள எல்லைக்குள் காசு கொடுத்து ஏறுகிறாள். “அண்ணா, இந்தச் சில அடி நடக்கும் பொழுதுதான் நான் பெண் என்பதைச் சர்க்கார் மறந்துவிடுகிறது” என்று சிரிப்பாள்.

தமிழ்நாட்டின் மாநிலத் திட்டக்குழு ஆராய்ந்து பார்த்ததில், இந்தச் சலுகையால் பெண்களுக்கு மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகக் கண்டது. நம் தங்கையின் கதையில் நாம் கண்டது பணத்தைவிடப் பெரியது. முன்பெல்லாம் நாகர்கோவிலுக்கு மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் மகனிடம் கேட்பாள். அவனுக்கு நேரமிருந்தால் வண்டியில் அழைத்துப் போவான். இப்பொழுது எவரையும் கேட்பதில்லை. பையை எடுத்தாள், புறப்பட்டாள். அதே வீட்டில் அவள் மகன் தன் மோட்டார் சைக்கிளை விடவில்லை என்பதையும் சொல்லாமல் விடலாகாது. இல்லாதவர்க்கு வழி திறப்பது வேறு. இருப்பவரின் பழக்கத்தை மாற்றுவது வேறு. முன்னதற்கு இலவசம் போதும். பின்னதற்கு இன்னும் ஏதோ வேண்டும்.

அந்த ‘ஏதோ’ என்ன என்பதை நமக்குக் காட்டியவர் அரசினரும் அல்லர், பேராசிரியரும் அல்லர். நம் மருமகள்தான். தலைநகரிலிருந்து மாலையில் திரும்பும் நம் பக்கத்துப் பெண்கள் ஐவர் உண்டென்று அவள் அறிந்தாள். அவர்களுள் தமிழ்க் குடும்பத்தார் மூவர், மலையாளிகள் இருவர். ஐவரும் அலுவலகத்தில் சொல்லிக் காலையில் அரை மணி முன்னதாகச் சென்று, மாலையில் அரை மணி முன்னதாகப் புறப்பட ஏற்பாடு செய்துகொண்டனர். ஒரே பஸ்ஸில் வருகின்றனர், ஒன்றாக இறங்குகின்றனர். சந்தியில் ஒரு வீட்டுப் பெரியவர் முறைவைத்துக் கைவிளக்கோடு நிற்கிறார். செவ்வாயும் வெள்ளியும் நம் முறை. இந்தத் துணை கிடைத்த பிறகு அவள் ஸ்கூட்டரை எடுப்பது அரிதாயிற்று. இத்தனைக்கும் அவள் பெயர் ஒரு வாரமும் குலுக்கலில் வரவில்லை. தெருவிளக்குக்காக ஐந்து வீட்டாரும் சேர்ந்து மனுவும் எழுதினோம். நாம் இதை எழுதும் நாளில் மூன்று விளக்குகளில் இரண்டு எரிகின்றன.

பேரன் என்ன செய்தான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டான். நெய்யாற்றின்கரையிலிருந்து கழக்கூட்டத்துக்கு ரயில் உண்டு. ரயில்வேயின் மாதச் சீசன் சீட்டு, நாள்தோறும் தனிச் சீட்டு வாங்குவதோடு ஒப்பிட்டால், மிகவும் மலிவு. இதுவும் பழைமையான சலுகைதான். பழகிப் போனதால் நாம் அதைச் சலுகை என்றே நினைப்பதில்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை செல்வதுதான் சிக்கல். துருப்பிடித்துக் கிடந்த பழைய மொபெட்டைச் செப்பனிட்டு, அதில் ஸ்டேஷன் வரை போய், அங்கே நிறுத்திவிட்டு ரயிலேறுகிறான். மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருந்த முன்பணத்தில் தங்கைக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தான்.

உண்டியலின் வெற்றி என்று நாம் இதைக் கொண்டாட முற்பட்டபொழுது அவன் தடுத்தான். “பாட்டா, உண்டியலுக்காக நான் வண்டி வாங்காமல் இருக்கவில்லை. ரயில் இல்லாவிட்டால் கட்டாயம் வாங்கியிருப்பேன். ஆனால் ஒன்று. அந்த மூன்று வாரம் பஸ்ஸில் போனதால்தான் ரயிலைப் பற்றி யோசித்தேன். அப்புறம், நான் வரும் வரை நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்” என்றான்.

இதில் எது அவன் மனத்தை மாற்றியது என்று நாம் பிரித்துச் சொல்ல மாட்டோம். சிறு பரிசு அவனைச் சில நாள் பழைய தடத்திலிருந்து விலக்கி நிறுத்தியது. விலகி நின்றவன் வேறொரு தடத்தைக் கண்டான். அந்தத் தடத்தில் ஒரு ரயில் உண்மையாகவே இருந்தது. அன்பு அவனைத் தள்ளியிருக்கலாம். தள்ளப்பட்டவன் நிற்பதற்கு ஒரு தளமேடை இருந்ததே முக்கியம்.

மூன்று மாதம் நடந்தபின் உண்டியலை நிறுத்திவிட்டோம். முடிவை ஒளிக்காமல் சொல்கிறோம். மருமகளும் பேரனும் புதிய வழக்கத்திலேயே நிற்கின்றனர். மகன் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸிலும் மூன்று நாள் காரிலும் செல்கிறான். பரிசு நின்றதும் மூன்று நாள் இரண்டாயிற்று. நாம் பழையபடி பஸ்ஸில்தான் செல்கிறோம். நமக்கு வேறு வழியும் இல்லை. நால்வரில் இருவர் முழுமையாகவும் ஒருவர் பாதியும் மாறினர் என்பது ஒரு குடும்பத்துக்குக் குறைந்த பலனன்று.

இனி நம் சங்கத்தைப் பற்றி ஒரு சொல். மாதக் கூட்டத்துக்கு நாம் எல்லாரும் எப்படி வருகிறோம் என்று அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். நம் மண்டபத்தின் முன் வண்டி நிறுத்த இடமின்றி அயல்வீட்டாரின் வாசலை அடைத்து, அவர்கள் முகம் சுளிக்க நேர்ந்தது பலமுறை. வண்டியில் வருவோரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. வண்டிக்குக் கட்டணம் விதிக்க வேண்டியதும் இல்லை. நாம் விண்ணப்பித்துக்கொள்வன மூன்று. முதலாவது, கூட்டத்தைக் கடைசிப் பஸ்ஸுக்கு முக்கால் மணி முன்னதாகவே முடித்துவிட வேண்டும். வரவேற்புரையையும் நன்றியுரையையும் சுருக்கினால் இது கைகூடும். இரண்டாவது, ஒரே தெருவிலிருந்து வரும் குடும்பங்கள் ஒன்றாக வர ஏற்பாடு செய்து, அவர்களை முன்வரிசையில் அமர்த்த வேண்டும். மூன்றாவது, பஸ் சீட்டோடு வரும் சிறுவர் சிறுமியரின் பெயர்களைக் குலுக்கி, மாதந்தோறும் ஒரு பிள்ளைக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் தர வேண்டும். முதல் ஆறு மாதத்துப் புத்தகங்களின் செலவை நாம் ஏற்றுக்கொள்கிறோம். மீந்த உண்டியல் அதற்குப் பயன்படட்டும்.

மூன்று விண்ணப்பங்களுள் ஒன்றுக்கு மட்டுமே இடமுண்டு என்று செயற்குழுவினர் கருதினால், புத்தகத்தையும் முன்வரிசையையும் விட்டுவிடலாம். முதலாவதை மட்டும் விட வேண்டா. கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டுச் சந்தியில் நிற்கும் ஒரு தாய், அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பஸ்ஸில் வருவாள் என்று எந்தப் பரிசைக் கொண்டும் நாம் எதிர்பார்க்க இயலாது.